காய்ச்சல் விட்ட பிறகு எந்த ரத்தப் பரிசோதனை?

டிங்கி வந்து தேறியவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இனி எனக்கு வராதுதானே?" பேராக் மாநிலத்தின் கமுந்திங்கில் இந்தக் கேள்விக்கு மற்ற ஊர்களைவிட அவசரம் அதிகம். இங்குள்ள தைப்பிங் மலையடிவாரம் மலேசியத் தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் வட்டாரங்களில் ஒன்று. கொசுவுக்கு இங்கே தண்ணீர்ப் பஞ்சம் வந்ததே இல்லை. ஒருமுறை பட்டவர் மறுமுறை படாமலிருக்க வழி தேடுவதும், அந்த உறுதியை ஒரு காகிதத்தில் வாங்கிவிட நினைப்பதும் இயல்பு. தனியார் ஆய்வுக்கூடங்களின் விலைப்பட்டியலில் எதிர்ப்பொருள் பரிசோதனை என்று ஒரு வரி இருக்கிறது. மருத்துவமனைப் பேச்சில் அது ஆண்டிபாடி டெஸ்ட். அந்த வரி உங்கள் கேள்விக்கு விடை சொல்கிறதா என்பதைத்தான் இந்த அத்தியாயம் பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைரஸ் ஒருகாலத்தில் உங்கள் உடம்புக்குள் வந்து போனதா என்பதை அந்தப் பரிசோதனை ஓரளவு நன்றாகவே சொல்லும். மறுபடி வந்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்வதில்லை. அது வைரஸின் குணத்தைப் பொறுத்தது. அதனால் "பாசிட்டிவ்" என்ற ஒரே சொல் ஒரு நோய்க்குப் பாதுகாப்பு என்றும், இன்னொன்றுக்கு எச்சரிக்கை என்றும், வேறொன்றுக்கு நோய் இன்னும் உள்ளே இருக்கலாம் என்றும் பொருள்படும். கையை நீட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: விடை எப்படி வந்தாலும் நான் செய்யப்போவது மாறுமா? மாறாது என்றால் அந்த ரத்தம் உங்களிடமே இருக்கட்டும்.

பழைய ரப்பர் தோட்டங்களில் செக்ரோல் என்று ஒரு பதிவேடு இருந்தது. காலைப் பெரட்டுக்கு, அதாவது வருகைக் கணக்கெடுப்புக்கு, யார் வந்தார் என்று அது சொல்லும். அவர் நாளைக்கு எத்தனை மரம் சீவுவார் என்று சொல்லாது. எதிர்ப்பொருள் பரிசோதனையும் அப்படிப்பட்ட பதிவேடுதான். வைரஸ் நுழைந்த சில நாட்களில் ஐஜிஎம் என்ற வகை எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரியத் தொடங்கும். பெரும்பாலான நோய்களில் அது சில மாதங்களில் மறையும். அடுத்து வரும் ஐஜிஜி பல ஆண்டுகள், சில நோய்களில் ஆயுள் முழுவதும் நிற்கும். ஆய்வுக்கூடம் அளப்பது இந்த இரண்டைத்தான். உடம்பின் காவலோ இவற்றோடு முடிவதில்லை. பழைய எதிரியை நினைவில் வைத்திருக்கும் செல்களும், தொற்றிய செல்களைத் தேடி அழிக்கும் டி செல்களும் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் இருக்கின்றன. முழங்கையில் எடுக்கும் ஐந்து மில்லி ரத்தத்தை வைத்து வழக்கமான ஆய்வுக்கூடம் அவற்றை அளப்பதில்லை. எதிர்ப்பொருள் குறைந்துபோனவர் பாதுகாப்பில்லாதவர் என்றோ, நிறைய இருப்பவர் அசைக்க முடியாதவர் என்றோ சொல்ல முடியாமல் போவதற்கு இது முதல் காரணம்.

நோய் எதிர்ப்பைப் பற்றி மனிதர்கள் தெரிந்துகொண்ட மிக உறுதியான உண்மை ஒன்று ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமலேயே கிடைத்தது. 1846இல் வட அட்லாண்டிக்கின் பரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. அங்கிருந்த ஏறக்குறைய 7,800 பேரில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: 65 ஆண்டுகளுக்கு முன், 1781இல், அங்கே வந்த தட்டம்மையில் விழுந்து எழுந்த முதியவர்கள் ஒருவருக்கும் இந்த முறை வரவில்லை. நம் வீடுகளில் அம்மை போட்டவரை ஏற்கெனவே அம்மை கண்டவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் சொல்வதும் இதே அறிவுதான். தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் இது பொருந்தும். பிழை நடப்பது, இந்த அறிவை எல்லாக் காய்ச்சலுக்கும் நீட்டிவிடும்போது.

டிங்கியையும் சிக்குன்குன்யாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டையும் பரப்புவது ஏடிஸ் கொசு. அதில் ஒரு வகையான புலிக்கொசு வீட்டுக்கு வெளியே வாழ்வது. கைவிடப்பட்ட தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் தேங்கிய மழைநீரே அதற்குப் போதும். மலேசியாவில் சிக்குன்குன்யா முதலில் 1998 இறுதியில் கிள்ளான் துறைமுகப் பகுதியில் வெடித்தது. அடுத்த முறை, 2006 மார்ச்சில், இதே பேராக்கின் கடலோர மீனவர் கிராமமான பாகான் பஞ்சோரில் வந்தது. 2008இல் ஜொகூரில் கிளம்பி நாடெங்கும் போனது. மாதக்கணக்கில் மூட்டுவலியில் மக்களைக் கட்டிப்போட்ட நோய் அது. ஆனால் எதிர்ப்பு என்ற ஒரு விஷயத்தில் அது நல்ல நோய். அந்த வைரஸின் மரபு வகைகள் சில இருந்தாலும் எதிர்ப்பொருளின் கண்ணுக்கு அவை ஒன்றே. ஒருமுறை வந்தவருக்குப் பாதுகாப்பு நெடுங்காலம் நிற்கிறது. சிக்குன்குன்யா ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் "இனி வராது" என்று பெருமளவு நம்பலாம். ஆறு மாதமாக மூட்டு வலிக்கிறதே, கிருமி இன்னும் உள்ளே இருக்கிறதா என்று கேட்பவருக்குத்தான் இந்த ஐஜிஜி விடை சொல்லாது. அவர் போக வேண்டியது மூட்டு மருத்துவரிடம்.

டிங்கி அப்படி இல்லை. டிங்கி என்பது நான்கு வைரஸ்களுக்கு ஒரே பெயர். ஒன்று வந்தால் அந்த ஒன்றுக்கு எதிர்ப்பு நீடிக்கும். மற்ற மூன்றுக்குக் கிடைப்பது சில மாதக் கடன் பாதுகாப்பு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆல்பர்ட் சாபின் தன்னார்வலர்களுக்கு டிங்கியை ஏற்றிச் செய்த சோதனைகளில், வேறு வகைக்கு எதிரான பாதுகாப்பு இரண்டு மூன்று மாதங்களிலேயே தளர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நடப்பது இன்னும் மோசம். பழைய எதிர்ப்பொருள் புதிய வகை வைரஸை ஒட்டிக்கொள்ளும், ஆனால் முடக்காது. ஒட்டிய வைரஸ் அந்த எதிர்ப்பொருளையே பிடிமானமாகக் கொண்டு வெள்ளணுக்களுக்குள் எளிதாக நுழைந்து பெருகும். கியூபா இதைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1977இல் அங்கே முதல் வகை டிங்கி பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 344,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு 158 பேர் இறந்தார்கள். பிறகு 1997இல் சாந்தியாகோ நகரில் இரண்டாம் வகை மீண்டும் வந்தபோது கடுமையாக விழுந்தவர்கள் பெரியவர்கள். இருபது ஆண்டுக்கு முன் முதல் வகை டிங்கி அவர்களைத் தொட்டிருந்தது. இடையில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பழைய கணக்கு இல்லை.

"எண் அதிகமாக இருந்தால் நல்லதுதானே?" என்று கேட்பவருக்கு நிக்கராகுவாவின் மனாகுவா நகரிலிருந்து விடை உண்டு. அங்கே ஆயிரக்கணக்கான குழந்தைகளின் ரத்தத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஆய்வு 2017இல் வெளியானது. எதிர்ப்பொருள் அறவே இல்லாத பிள்ளைகளுக்குக் கடும் டிங்கி வரும் வாய்ப்பு குறைவு. மிக அதிகம் இருந்தவர்களுக்கும் குறைவு. நடுத்தர அளவில் இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல். அதாவது டிங்கியில் இந்த எண் ஏறுவதும் இறங்குவதும் பாதுகாப்பு ஏறுவதையோ இறங்குவதையோ காட்டவில்லை. சாதாரண ஆய்வுக்கூட அறிக்கையோ அந்த நுட்பமான அளவைக்கூடத் தருவதில்லை. எந்த வகை வந்து போனது என்றும் பிரித்துச் சொல்வதில்லை. "ஐஜிஜி பாசிட்டிவ்" என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்ளும். அந்த இரண்டு சொல்லும் மலேசியாவில் பெரியவர் ஒருவருக்குப் புதிய செய்தியாக இருப்பது அபூர்வம். 35 முதல் 74 வயதுக்குட்பட்ட 1,000 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வில் 91.6 விழுக்காட்டினருக்கு டிங்கி எதிர்ப்பொருள் இருந்தது. பட்டணத்துக்கும் கிராமத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு இருப்பது உங்களுக்கும் இருக்கிறது என்பதைப் பணம் கட்டித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது வலுவானது. "மருத்துவமனையில் படுத்திருந்தபோது அவர்களே ஐஜிஜி எடுத்தார்களே, அது வீணா?" வீணில்லை, ஆனால் அது வேறு கேள்வி. காய்ச்சலின் முதல் சில நாட்களில் வைரஸின் புரதத்தையே தேடுவது என்எஸ்-1 பரிசோதனை. அதோடு ஐஜிஎம், ஐஜிஜி இரண்டையும் பார்த்தால், இது முதல் டிங்கியா, அடுத்ததா என்று மருத்துவர் ஊகிக்கலாம். இரண்டாவது தொற்றில் ஐஜிஜி மிக விரைவாகவே ஏறிவிடும். படுக்கையில் இருப்பவரை எவ்வளவு நெருக்கமாகக் கவனிப்பது என்ற முடிவுக்கு அது உதவுகிறது. அதே சோதனையை மூன்று மாதம் கழித்துத் தேறியவருக்கு எடுத்தால் மாற்றுவதற்கு முடிவு எதுவும் மிச்சமில்லை.

இன்னொரு மறுப்பு தடுப்பூசியைப் பற்றியது. டெங்வாக்சியா தடுப்பூசியின் கதையில் எதிர்ப்பொருள் சோதனை உயிர்காக்கும் அவசியமாகவே ஆனது உண்மை. பிலிப்பைன்சில் 2016இல் தொடங்கிய திட்டத்தில் எட்டு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு அதைப் போட்ட பிறகு, 2017 நவம்பரில் தயாரிப்பாளரான சனோஃபி நிறுவனமே அறிவித்தது: முன்பு டிங்கி வராதவருக்கு இந்த ஊசி பின்னாளில் கடும் டிங்கிக்கு வழி செய்யலாம். ஊசியே முதல் தொற்றின் வேலையைச் செய்துவிட்டது. மறு ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்துப் போடும்படி பரிந்துரைத்தது. சோதனையின் விடையால் செய்கை மாறும் என்ற என் அளவுகோலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. ஆனால் மலேசியா 2024இல் நிபந்தனையோடு அனுமதித்த கியூடெங்காவுக்கு அத்தகைய முன்சோதனை தேவையில்லை. அதைப் போட்டுக்கொள்ள நினைப்பவர் சோதனைக்குச் செலவழிக்க இருந்த காசை ஊசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பொருளை அளவுக்கு மீறி நம்பியதால் ஒரு நாடே வழிதவறிய கதையும் பேராக்கில்தான் தொடங்கியது. 1998 செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தோன்றியது. சில நோயாளிகளின் ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் இருந்ததால் அதுவே நோய் என்று கொண்டார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஊசி போட்டவர்களும் இறந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் நோயாளியின் மாதிரியிலிருந்து முற்றிலும் புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே திசை மாறியது. அதற்கு நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் வந்தது. அதற்குள் நாடு கண்டது 265 நோயாளிகள், 105 மரணங்கள். கொசு நிறைந்த நாட்டில் பழைய தொற்றின் எதிர்ப்பொருள் பலர் ரத்தத்தில் இருக்கும். அது இருப்பதாலேயே இப்போதைய நோய்க்கு அதுதான் காரணம் ஆகிவிடாது. டிங்கியும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் ஒரே வைரஸ் குடும்பம் என்பதால் ஒன்றின் எதிர்ப்பொருள் மற்றதன் சோதனையில் பொய்யாகத் தெரிவதும் உண்டு. நிப்பா இன்னொரு பாடமும் வைத்திருந்தது. தேறி எழுந்து, எதிர்ப்பொருளும் உருவான சிலருக்கு, மாதங்களும் ஆண்டுகளும் கழித்து மூளைக்காய்ச்சல் திரும்பியது. மூளையில் ஒளிந்திருந்த வைரஸ் மீண்டும் தலைதூக்கியது.

கோவிட் காலத்தில் இந்த ஆசை உலகம் முழுவதையும் பிடித்தது. தேறியவர்களுக்கு "எதிர்ப்புச் சான்றிதழ்" கொடுத்து வேலைக்கு அனுப்பலாம் என்று சில அரசுகள் பேசியபோது, 2020 ஏப்ரலிலேயே உலகச் சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று இல்லை என்றது. பிரேசிலின் மனாவுஸ் நகரில் அந்த ஆண்டு அக்டோபருக்குள் மக்களில் நான்கில் மூன்று பங்கினர் தொற்றுக்கு ஆளாகியிருப்பர் என்று ரத்ததானம் செய்தவர்களின் எதிர்ப்பொருளை வைத்துக் கணக்கிட்டார்கள். இனி அலை வராது என்று பலர் நினைத்தார்கள். 2021 ஜனவரியில் உருமாறிய வைரஸோடு இரண்டாம் அலை வந்து, அந்த நகரத்து மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்தது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2021 மே மாதம், தடுப்பூசி போட்டவரும் தம் பாதுகாப்பை அளக்க இந்தச் சோதனையை நம்ப வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னது. ஊர் அளவில் எவ்வளவு தொற்று நடந்தது என்று அறிய இந்தக் கணக்கெடுப்பு பயன்படும். தமிழ்நாடு உட்பட இந்தியா முழுவதும் 2021 ஜூன், ஜூலையில் எடுத்த நான்காம் தேசியக் கணக்கெடுப்பில் 67.6 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பொருள் தெரிந்தது அரசுக்குப் பயனுள்ள செய்தி. அந்த விழுக்காட்டுக்குள் இருக்கும் தனி மனிதருக்கு அது சொல்வது மிகக் குறைவு.

தனி மனிதருக்கு ஏன் குறைவு என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டும். 2,000 பேரில் 100 பேருக்கு மட்டுமே ஒரு நோய் வந்து போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை நூற்றுக்கு 95 முறை சரியாகச் சொல்லும். நோய் வந்த 100 பேரில் 95 பேருக்குப் பாசிட்டிவ் வரும். வராத 1,900 பேரில் நூற்றுக்கு ஐந்து தவறு என்றால் 95 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும். ஆக, பாசிட்டிவ் தாளைக் கையில் வைத்திருக்கும் இருவரில் ஒருவருக்கு அந்த நோய் வந்ததே இல்லை. அரிய நோய்க்குச் சோதித்தால் பாசிட்டிவை நம்ப முடியாது. டிங்கி போல எங்கும் இருக்கும் நோய்க்குச் சோதித்தால் பாசிட்டிவில் செய்தி இல்லை. "மன நிம்மதிக்காக எடுக்கிறேன், என் பணம்தானே" என்பவரிடம் பணத்தைப் பற்றி நான் வாதாட மாட்டேன். நிம்மதிதான் எனக்குக் கவலை. டிங்கி எதிர்ப்பொருள் இருப்பதால் நிம்மதியானவர் அடுத்த காய்ச்சலில் மூன்று நாள் தாமதமாகப் போவார். உண்மையில் முதல் நாளே போக வேண்டியவர் அவர்.

அப்படியானால் எதிர்ப்பொருள் சோதனையே வேண்டாமா? வேண்டும், சில இடங்களில் கட்டாயம் வேண்டும். அதில் முதலிடம் ஹெப்படைட்டிஸ் பிக்கு. மலேசியா 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு இதன் தடுப்பூசியைப் போட்டு வருகிறது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் ஊசியும் போடாமல், வைரஸ் வந்ததா என்றும் அறியாமல் இருக்கிறார்கள். எப்போதோ மஞ்சள் காமாலை வந்தது, கீழாநெல்லி குடித்தேன், போய்விட்டது என்பது சான்றாகாது. காமாலைக்கு எலிக்காய்ச்சல் தொடங்கிப் பித்தப்பைக் கல் வரை பல காரணங்கள். கேட்டு எடுக்க வேண்டியவை மூன்று. மேற்பரப்பு ஆண்டிஜென் பாசிட்டிவ் என்றால் வைரஸ் இப்போது உள்ளே இருக்கிறது. அது நெகட்டிவாக இருந்து, மேற்பரப்பு எதிர்ப்பொருள் 10 அலகுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. உட்கரு எதிர்ப்பொருள், அந்தப் பாதுகாப்பு நோயிலிருந்து தேறியதால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று பிரிக்கும். ஊசி மட்டும் போட்டவரிடம் அது இருக்காது. மூன்றுமே நெகட்டிவ் என்றால் தடுப்பூசி போட வேண்டும். விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்கை இருக்கிறது, கவனியுங்கள். தேறியவருக்கும் ஒரு வேலை மிச்சம்: பின்னாளில் புற்றுநோய் மருந்தோ எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தோ தரும் நிலை வந்தால் இந்தப் பழைய தாளை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கல்லீரலில் உறங்கும் வைரஸ் அப்போது விழிக்கக்கூடும். ஹெப்படைட்டிஸ் சி நேர்மாறு. அதன் எதிர்ப்பொருள் பாதுகாப்பே தராது. பாசிட்டிவ் வந்தால் வைரஸ் இன்னும் இருக்கிறதா என்று ஆர்என்ஏ சோதனை எடுத்தே தீர வேண்டும். குணமானவருக்கும் அது மறுபடி தொற்றும்.

இரண்டாமிடம் கர்ப்பத்துக்கு. ருபெல்லா கருவில் இருக்கும் குழந்தையின் கண், காது, இதயத்தைக் குலைக்கும். அதன் தடுப்பூசியைக் கர்ப்பகாலத்தில் போடக் கூடாது. அதனால் சிறுவயதில் ஊசி போட்ட சான்று கையில் இல்லாத பெண் கருத்தரிக்கும் முன்பே ஐஜிஜி பார்த்துவிடுவது நல்லது. சின்னம்மைக்கும் இதே நியாயம். வெப்ப நாடுகளில் வளர்ந்தவர்களில் சின்னம்மை வராமலே பெரியவரானவர்கள் அதிகம்; கர்ப்பிணியின் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டு, கர்ப்பிணிக்கு முன்பு வந்ததா என்று அவருடைய அம்மாவுக்கும் நினைவில்லை என்றால், தாமதிக்காமல் சோதிக்க வேண்டும். எதிர்ப்பு இல்லாதவருக்குத் தரும் தற்காப்பு ஊசிக்கு நாள் கணக்கு உண்டு. வேப்பிலை வாடும்வரை காத்திருந்தால் அந்தக் கணக்கு கடந்துவிடும்.

சோதனை எடுப்பது என்று முடிவானால் நாளும் பார்க்க வேண்டும். நோய் தொடங்கிய ஓரிரு நாளில் எதிர்ப்பொருள் தேடினால் நெகட்டிவ் வரும், அதற்குப் பொருளில்லை. அண்மையில் ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றியவரிடம் தெரிவது பிறர் எதிர்ப்பொருளாக இருக்கலாம். ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தையிடம் தெரிவது பெரும்பாலும் தாயுடையது. முடியும் நகமும் வளரப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர் அதைச் சொல்லிவிட வேண்டும். சில கருவிகளின் விடையை அது மாற்றிவிடும்.

டிங்கியிலிருந்து தேறியவர் செய்ய வேண்டியது இதையெல்லாம்விட மலிவு. எந்த ஆண்டு வந்தது, எந்த மருத்துவமனை, தட்டணுக்கள் எவ்வளவு இறங்கின என்று ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள். அடுத்த காய்ச்சலில் முதல் நாளே அரசு மருந்தகமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். "எனக்கு முன்பே டிங்கி வந்திருக்கிறது" என்று நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரை வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நாளில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தைப்பிங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் புறப்படுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.